பஞ்சைத் தொடாத முதலாளி

பாங்காக்கில் கார் டீடெய்லிங் கடை போடத் துணிந்த வெளிநாட்டு அன்பரை மனமாரப் பாராட்டுகிறேன். தாய்லாந்து அவரைத் தரையில் விடாமல் தாங்குகிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக, 49 சதவீதப் பங்குதான் அவருக்கு. மீதி 51 என்ற பாரத்தை உள்ளூர்க்காரர்கள் சுமப்பார்கள். அவருடைய ஒரே ஒரு வேலை அனுமதிக்கு 20 லட்சம் பாட் மூலதனம், 4 தாய்லாந்து ஊழியர்கள். கார் கழுவுவதா? சேச்சே, முதலாளி உடலுழைப்பில் இறங்கினால் வம்பு. பத்து வருடம் பாலிஷ் பழகிய கை, இனிக் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். என்ன மரியாதை!

ஏப்ரல் 13, தாய்லாந்துப் புத்தாண்டான சோங்க்ரான். ஊரே வாளியோடு தெருவில் இறங்கி, போகிற காரையெல்லாம் நனைக்கும். அன்று அவரும் வாளி தூக்கலாம், அனுமதியே வேண்டாம். காசு மட்டும் கேட்கக்கூடாது.