வண்டிக் கூரையில் ஒரு கும்பாபிஷேகம்

மோட்டார்ஹோமின் ஏசி, வண்டியின் கூரைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரே பெட்டி. கம்ப்ரசர், கண்டென்சர், கூலிங் காயில், விசிறி மோட்டார் அத்தனையும் ஒரு தகரத் தட்டில் அடங்கியிருக்கும். மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. கட்டில், அடுப்பு, குளியலறை என்று ஒரு குடித்தனத்தையே வயிற்றுக்குள் வைத்துக்கொண்ட வண்டி, இதை மட்டும் தலையில் சுமக்கிறது. அது உட்காரும் இடம் கூரையில் வெட்டிய 14 அங்குலச் சதுர ஓட்டை. காற்றுப்போக்கிக்கும் அதே அளவுதான். வண்டி இந்தியானாவின் எல்கார்ட்டில் செய்ததோ, அயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டியில் செய்ததோ, ஏசி டொமெடிக்கோ, கோல்மன்-மாக்கோ, ஓட்டை ஒன்றுதான். அமெரிக்காவில் இத்தனை கம்பெனிகள் சண்டையில்லாமல் ஒத்துப்போன சங்கதி வேறு இருக்கிறதா என்பது சந்தேகம். இந்த ஒற்றுமையை நம்பித்தான் வண்டிக்காரர் ஒரு சனிக்கிழமை காலை காபி குடித்துவிட்டு, ஏசியைத் தானே மாற்றிவிடுவது என்று தீர்மானிக்கிறார்.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு அளவு: 13,500 பிடியூ, 15,000 பிடியூ. டன் கணக்கில் பழகியவர்களுக்கு, முதலாவது ஒன்றே அரைக்கால் டன், இரண்டாவது ஒன்றேகால் டன். அரைக்கால் என்ற சொல்லுக்கு இந்தக் காலத்தில் இதைவிட நல்ல வேலை கிடைக்காது. ஏசியின் டன் என்பது எடை அல்ல. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பம், மணிக்கு 12,000 பிடியூ. தினமும் ஒரு டன் பனிக்கட்டியைக் கூரையில் ஏற்றுவதைவிட ஒரு பெட்டியை ஒரே ஒரு தடவை ஏற்றுவது சுலபம் என்று காலையில் தோன்றும். மாலை 4 மணிக்கு அதே கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

மாற்றுவதற்கு முன், பழையது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்ப்பது முறை. கம்ப்ரசர் 'ம்ம்ம்' என்று முனகி, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டால், சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் கெபாசிட்டர். விரல் நீளத் தகர டப்பா, சில்லறைக் காசு. அதைச் சோதிக்காமல் நல்ல ஏசியைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கேஸ் போய்விட்டது என்றால் கதை வேறு. வீட்டு ஸ்பிளிட் ஏசியில் மெக்கானிக் வந்து வால்வில் குழாயை மாட்டி கேஸ் ஏற்றுவார். இதில் அப்படி மாட்ட வால்வே கிடையாது. தொழிற்சாலையிலேயே குழாயை அடைத்து அனுப்பிவிடுகிறார்கள். கேஸ் கசிந்தால் பெட்டியை மாற்றுவதுதான் வழக்கம். மூடியைத் திறந்ததும் உள்ளே மண்கூடு தெரிந்தால் அது குளவியின் கைவரிசை. குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்கள் நம் பாட்டிகள். இங்கே பிறப்பது செலவு.

கழற்றுவது இறங்குமுகமான வேலை. முகாமிடத்தின் மின் இணைப்பைப் பிடுங்க வேண்டும், ஜெனரேட்டரை நிறுத்த வேண்டும், இன்வெர்ட்டரையும் மறக்கக் கூடாது. அதன் பிறகும் கெபாசிட்டர் தன் பங்கு மின்சாரத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும். அதை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மற்றதெல்லாம் வண்டிக்குள்ளிருந்து: கூரை உட்புறத்துப் பிளாஸ்டிக் முகப்பு, ஒயர்கள், நான்கு நீள போல்ட்டுகள். இவ்வளவு பெரிய பெட்டி, நெடுஞ்சாலையில் மணிக்கு 65 மைல் காற்றைத் தாங்கிக்கொண்டு, வெறும் நான்கு போல்ட்டில்தான் நின்றிருந்ததா என்ற அதிர்ச்சி இந்த இடத்தில் எல்லோருக்கும் வரும். கழற்றக் கூலியே கேட்காத ஒரு பாலமும் அமெரிக்காவில் உண்டு. வட கரோலினாவின் டர்ஹம் நகரில் 11 அடி 8 அங்குல உயரத்தில் நின்ற ரயில் பாலம் அது. கீழே நுழைந்த பல வண்டிகளின் கூரையை, ஏசியோடு சேர்த்துச் சீவியிருக்கிறது. 2019-இல் அதை 8 அங்குலம் உயர்த்தினார்கள். சேவை குறைந்ததே தவிர நிற்கவில்லை.

அடுத்தது ஏற்றுவது. புது ஏசியின் எடை சுமார் 35 முதல் 45 கிலோ. இரண்டு அரிசி மூட்டைக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அரிசி மூட்டைக்குக் கூர்மையான விளிம்பு கிடையாது, விரல் பட்டால் மடங்கிவிடும் அலுமினியத் தகடுகளும் கிடையாது. கூரையோ தரையிலிருந்து பத்துப் பதினோரு அடி. வண்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் ஏணி ஒரு மனிதருக்கானது. ஏசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறும் மனிதருக்கானதல்ல. ஃபோர்க்லிஃப்ட் இருந்தால் வேலை ஐந்து நிமிடம். இல்லாதவர்கள் பிக்கப் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி அதன் முதுகிலிருந்து தூக்குவார்கள், அல்லது சாய்த்து வைத்த ஏணியைச் சறுக்குப்பலகையாக்கி, ஏசியை அட்டைப்பெட்டியோடு கயிறு கட்டி இழுப்பார்கள். மேலே இருவர் இழுக்க, கீழே ஒருவர் தள்ள, பக்கத்து வண்டிகளிலிருந்து நாலு பேர் மடக்கு நாற்காலியோடு வந்து யோசனை சொல்ல வேண்டும். கடைசி வகையினரை அழைக்கவே வேண்டாம். பெட்டியின் கனம் நடுவில் இல்லை, கம்ப்ரசர் இருக்கும் பக்கமே தாழும் என்ற செய்தி ஏணியின் பாதி வழியில் தெரியவரும். கூரை பெரும்பாலும் வெள்ளை ரப்பர் விரிப்பு. மேலே ஏறியவர் எந்த இடத்தில் கால் வைக்கிறார் என்பதைக் கீழே நிற்கும் மனைவி சத்தம்போட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பார். அது அநாவசியமான தலையீடு இல்லை.

மேலே போனதும் இழுத்துக்கொண்டு போய் ஓட்டைமேல் விட்டால் என்ன? அதுதான் கூடாது. ஏசியின் அடியில், ஓட்டையைச் சுற்றி வரும்படி, ஒரு அங்குலத் தடிமனில் ஒரு ஃபோம் கேஸ்கட் ஒட்டியிருக்கிறது. இழுத்தால் அது பிய்ந்துவிடும். தூக்கிக்கொண்டு போய் நேராக இறக்க வேண்டும். முன்புறம் வண்டியின் முன்புறத்தையே பார்க்க வேண்டும், ஓட்டை ஓட்டையோடு சேர வேண்டும். கோயிலில் சிலையைப் பீடத்தில் இறக்கும்போது ஸ்தபதி மூச்சை அடக்கிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த நிமிடம் புரியும். கேஸ்கட்தான் இங்கே அஷ்டபந்தனம். கோயிலில் மருந்தை இடித்துச் சாத்தி, பன்னிரண்டு ஆண்டுக்கொரு தடவை கும்பாபிஷேகம் செய்கிறார்கள். ஏசிக்கும் ஆயுள் ஏறக்குறைய அதுவேதான்.

வித்தியாசம் ஒன்று. அஷ்டபந்தனத்தில் தாராளம் காட்டலாம்; கேஸ்கட்டில் கை அடங்க வேண்டும். கேஸ்கட்டைச் சுற்றி சிலிக்கான் பூசுவது பயந்தவர் செய்யும் காரியம். அது எந்தப் பழைய ஒழுகலையும் நிறுத்துவதில்லை. அடுத்த முறை எந்தப் பசையையும் ஒட்டவும் விடாது. நான்கு போல்ட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒரு அங்குல கேஸ்கட் அரை அங்குலமாக அமுங்கியதும் நிறுத்த வேண்டும். கம்பெனிகள் சொல்லும் இறுக்கம் 40 முதல் 50 அங்குல-பவுண்டு. கார் சக்கர நட்டுக்கு வைக்கும் இறுக்கத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. ஸ்பேனர் பிடித்த கைக்கு இது அவமானமாகவே தோன்றும். 'இன்னும் ஒரு சுத்து' என்று மனம் சொல்லும். அந்த ஒரு சுற்றில் கேஸ்கட் அப்பளமாகிவிடும், மழை உள்ளே வரும். தளர்வாக விட்டாலும் மழை உள்ளே வரும். கும்பாபிஷேகத் தீர்த்தம் தலையில் தெளித்தால் புண்ணியம். கட்டில்மேல் தெளித்தால் பெயர் வேறு.

இனி உள் அலங்காரம். ஓட்டைக்குள் இரண்டு வழி: ஒன்றில் அறையின் காற்று மேலே போகிறது, மற்றொன்றில் குளிர்ந்து கீழே வருகிறது. நடுவில் ஒரு தடுப்பு. அதன் விளிம்புகளை அலுமினிய டேப்பால் முழுதாக அடைக்காவிட்டால், குளிர்காற்று குறுக்கு வழியைக் கண்டுபிடித்து, அறைக்கு வராமலேயே திரும்ப மேலே ஏறிவிடும். ஏசி தன்னைத்தானே குளிரவைத்துக்கொள்ளத் தொடங்கும். கூலிங் காயிலில் பனி படியும், கீழே வீட்டார் வியர்ப்பார்கள், எல்லா மானிகளும் எல்லாம் நலம் என்று காட்டும். சம்பளம் முழுதையும் தன் அலுவலக அறையை அழகுபடுத்தவே செலவழிக்கும் அதிகாரி போல. 'புது ஏசி சரியில்லை' என்ற புகார்களில் பல இந்த ஒரு முழ டேப்பில் தீர்ந்துவிடும்.

ஒயரில் கறுப்பு, வெள்ளை, எர்த் மூன்றையும் அந்தந்த நிறத்தோடு சேர்க்க வேண்டும், அவ்வளவே. பழைய தெர்மோஸ்டாட் புது ஏசியோடு பேசுமா என்பதைப் பெட்டி வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும். கூரையில் உட்கார்ந்து கேட்பது தாமதம். 30 ஆம்பியர் இணைப்புள்ள வண்டியில் மொத்தமே 120 வோல்ட்டில் 3,600 வாட். ஏசி அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். மைக்ரோவேவும் தலை உலர்த்தும் இயந்திரமும் மீதிக்குச் சண்டை போட்டால் பிரேக்கர் விழும். புது ஏசிமேல் பழி விழும்.

ஓட விட்டதும், உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளிவிடும் காற்றுக்கும் 20 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் வித்தியாசம் இருந்தால் வேலை சரி. வெளி வெயிலைவிட 20 டிகிரி குறையும் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு, மனக்கசப்புக்கும் இடம். அரிசோனாவின் ஃபீனிக்ஸில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாள் உச்ச வெயில் 110 டிகிரிக்குக் குறையவில்லை. மெல்லிய சுவரும் பெரிய கண்ணாடிகளும் கொண்ட வண்டிக்குள் அங்கே ஒன்றேகால் டன்னும் திணறும். ஓடும் ஏசியிலிருந்து வடியும் தண்ணீருக்குப் பெரும்பாலும் தனிக் குழாய் கிடையாது. கூரையில் ஓடி, ஏதோ ஒரு பக்கம் சொட்டும். யோசனை சொன்னவர்களின் மடக்கு நாற்காலிகள் அந்தப் பக்கம் இருந்தால் அது தற்செயல்.

பழைய பெட்டியைக் குப்பையில் போட முடியாது. குளிர்பதன வாயுவைத் தெரிந்தே காற்றில் விடுவது அமெரிக்காவில் 1992 ஜூலை 1 முதல் சட்டவிரோதம். தொழில் தெரிந்தவர் அதை உறிஞ்சி எடுத்த பிறகே பெட்டி பழைய இரும்புக்குப் போக வேண்டும். அவரைக் கூப்பிடுவது அடுத்த சனிக்கிழமைக்கு என்று ஒத்திவைக்கப்பட்டு, பெட்டி கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் மூடிக் கிடக்கும். குளவிகள் பழைய வீட்டுக்குத் திரும்பிவிடும்.