ஐ7-க்கு என்ஓசி கிடைக்குமா?

சான்பாடாவில் இருக்கும் நம்மவருக்குக் கம்ப்யூட்டர் அத்துப்படி என்றொரு வதந்தி, செம்பூர் வழியாகத் தாராவி வரைக்கும் போயிருக்கிறது. ஒரு விசேஷ வீட்டில் பிரிண்டரின் மூடியைத் திறந்து, சிக்கியிருந்த பேப்பரை உருவிவிட்டார். அவர் செய்ததெல்லாம் அவ்வளவுதான். அன்றிலிருந்து திருநெல்வேலிச் சொந்தத்தில் யார் வீட்டு லேப்டாப் படுத்தாலும் அது வாஷி பாலத்தைத் தாண்டி அவர் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தத் தடவை வந்தது தாராவி அக்கா மகனின் கேமிங் லேப்டாப். 2013 வாக்கில் வந்த மாடல், கை மாறிக் கை மாறி வந்தது.

“மாமா, ஜிடிஏ ஃபைவ் போட்டா தொங்குது. ஐ5 இருக்கு. ஐ7 மாத்திக் குடுங்க.”

“ஏல, அது என்ன பல்பா, கழட்டி மாட்ட?” என்றார் நம்மவர்.

ஆனால் பையன் பக்கமும் நியாயம் இருந்தது. 2015-இல் கம்ப்யூட்டருக்கு வந்த அந்த விளையாட்டு, குறைந்தபட்சத் தேவையாகவே நான்கு கோர் கொண்ட கோர் 2 குவாடைக் கேட்கிறது. இவன் லேப்டாப்பில் இருந்ததோ ஐ5-4200எம். அந்தக் காலத்து மேஜைக் கம்ப்யூட்டரில் ஐ5 என்றால் பெரும்பாலும் நான்கு கோர். லேப்டாப்பில் அதே ஐ5-க்கு இரண்டே கோர். ஸ்டிக்கரில் மட்டும் ஒரு குறையும் கிடையாது.

லேப்டாப்புக்கு வேறு புராசஸர் தேடுவதும் நவி மும்பையில் வாடகைக்கு வீடு தேடுவதும் ஒன்றுதான் என்பது நம்மவர் கட்சி. முதலில் பீரோ வாசலில் நுழைய வேண்டும். அப்புறம் கரண்ட் லோடு தாங்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தாலும், கீழே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் சொசைட்டி செகரட்டரி என்ஓசி தர வேண்டும்.

வாசல் என்பது சாக்கெட். இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை லேப்டாப் சாக்கெட்டில் 988 துளைகள். 2013-இல் வந்த நான்காம் தலைமுறைக்கு 946. ஆகவே மூன்றாம் தலைமுறை ஐ7 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இங்கே நுழையாது. அதைவிடப் பெரிய வம்பு கடைசி எழுத்தில் இருக்கிறது. ஐ7-4700எம்க்யூ, ஐ7-4700ஹெச்க்யூ: இரண்டுக்கும் நான்கு கோர், 47 வாட், வேகமும் கிட்டத்தட்ட ஒன்றே. எம்க்யூவுக்குக் கால்கள் உண்டு, கழற்றி மாட்டலாம். ஹெச்க்யூ போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. வாடகைதாரரைச் சுவரில் வைத்து சிமென்ட் பூசிய மாதிரி. சிபியு-ஸெட் என்ற இலவச மென்பொருளில் ‘பேக்கேஜ்’ என்ற வரியைப் பார்த்தால், பற்றவைத்ததைக் குறிக்கும் பிஜிஏ என்று போட்டிருக்கிறதா 946 என்று போட்டிருக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பையனுக்கு 946 என்று வந்தது. அவன் குதித்தான். நம்மவருக்குத்தான் தப்பிக்க இருந்த வழி அடைபட்டது.

இதற்குப் பிந்திய லேப்டாப் என்றால் பேச்சே இல்லை. ஐந்தாம் தலைமுறையிலிருந்து இன்டெல் லேப்டாப் சிப்பை எல்லாம் பற்றவைத்தே தருகிறது. மேஜைக் கம்ப்யூட்டர் புராசஸரையே உள்ளே திணித்த சில ராட்சத மாடல்கள்தான் விதிவிலக்கு. 2019-இல் வந்த ஏலியன்வேர் ஏரியா-51எம் அப்படிப்பட்டது. பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம் என்பதே அதன் விளம்பரம். அடுத்த வருடம் இன்டெல் சாக்கெட்டையே மாற்றிவிட்டது. மாற்றிக்கொள்ளக் காத்திருந்தவர்கள் தரப்பில் 2021-இல் கலிஃபோர்னியாவில் வழக்கே போட்டார்கள்.

லோடு விஷயத்தில் பையனுக்குப் பேராசை. பழைய சிப் 37 வாட். எம்க்யூ 47. அவனோ 57 வாட் இழுக்கும் ஐ7-4930எம்எக்ஸ்மேல் கண் வைத்திருந்தான். சின்ன விசிறியும் மெல்லிய செம்புக் குழாயும் அதற்கு எங்கே போகும்? நம்மவர் கணக்கு எளிமையானது: அதே மாடலை எந்த ஐ7 போட்டுக் கம்பெனியே விற்றதோ, அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. அப்படி விற்றிருந்தால் வெப்பக்குழாயும் அடாப்டரும் எது என்று சர்வீஸ் மேனுவலிலேயே இருக்கும். செகரட்டரி, அதாவது பயாஸ், அந்தப் பெயரைத் தன் நோட்டில் எழுதி வைத்திருப்பார். தெரியாத முகம் வந்தால் திரையைக் கறுப்பாக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார்; காரணமெல்லாம் சொல்ல மாட்டார். பயாஸைப் புதுப்பிப்பதையும் பழைய சிப் உள்ளே இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

ஞாயிறு வேண்டாம், கடைகள் பாதி மூடியிருக்கும் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினார்கள். சான்பாடாவில் ஹார்பர் லைன் ஏறி, குர்லாவில் மாறி, தாதரில் மறுபடி மாறி, கிராண்ட் ரோடில் இறங்கினால் லாமிங்டன் ரோடு. அதற்கு டாக்டர் தாதாசாஹேப் பட்கம்கர் மார்க் என்ற பெயர் வந்து காலம் ஆகிறது. ஆனாலும் மக்கள் வாயில் பழைய கவர்னர் லாமிங்டன் பிரபுதான் இன்னும் குடியிருக்கிறார், என்ஓசி இல்லாமலே.

முதல் கடையில் மூன்றாம் தலைமுறை ஐ7-ஐ எடுத்து நீட்டினார்கள். “ஐ7 தோ ஐ7 ஹை, சாப்.” நம்மவர் சிப்பைத் திருப்பிக் கால்களை எண்ண ஆரம்பித்தார். நாற்பதைத் தாண்டுவதற்குள் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. அடுத்த கடையில் கிடைத்தது பாதி விலை. மேலே பொறித்திருந்ததோ ‘இன்டெல் கான்ஃபிடென்ஷியல்’. கம்பெனி சோதனைக்காகச் செய்யும் மாதிரிச் சிப் அது. ரகசியம் என்று எழுதிய சரக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்தது. இதைப் பார்த்தால் எந்த செகரட்டரியும் போலீசைக் கூப்பிடுவார் என்று பையனை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்.

கடைசியில் ஒரு மாடிக் கடையில் அசல் 4700எம்க்யூ கிடைத்தது. செகண்ட் ஹேண்ட், டெஸ்டிங் வாரண்டி மட்டும். அதாவது கடைவாசலில் வேலை செய்ய வேண்டும், படி இறங்கியபின் நம் தலைவிதி. சாயங்கால ஹார்பர் லைன் நெரிசலில் ஒரு முழங்கை பட்டாலும் கால் வளைந்துவிடும் என்று, சிப்பைப் பிளாஸ்டிக் உறையோடு டிபன் டப்பாவுக்குள் வைத்து மூடி, குர்லாவில் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். பக்கத்திலிருந்தவர் உள்ளே பிரசாதமா என்று விசாரித்தார்.

மாட்டியதென்னவோ சுலபமாக நடந்தது. சாக்கெட்டின் ஓரத்திலிருந்த திருகைத் திருப்பினால் பழையது கையோடு வந்தது. புதியதை முக்கோணக் குறி பார்த்து வைத்துப் பூட்டி, பேஸ்ட் தடவி, விசிறியை முடுக்கினார்கள். செகரட்டரி கேள்வி கேட்காமல் உள்ளே விட்டார். விளையாட்டு தொங்கவில்லை. விசிறிச் சத்தத்தில் டிவி மட்டும் கேட்கவில்லை.

அப்போதுதான் பையன் விண்டோஸ் 11 போட முயன்றான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுபோனதே! இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளதை ஏற்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. நான்காம் தலைமுறை ஐ7 அதற்கு ஐ5-இன் அண்ணன் மட்டுமே.

“அப்போ எட்டாவது தலைமுறை மாட்டலாமா, மாமா?”

“தாராளமா மாட்டலாம்ல. போர்டு, விசிறி, ஸ்கிரீன், கீபோர்டு, பேட்டரி எல்லாத்தையும் சேத்து மாட்டணும்.”