கப்பலேறி வந்த புல்லு

அம்மிணி, நெசமாத்தான் கேக்கறேன், முயலுக்குப் புல்லு அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வருதாமா? உங்கம்மா போன்ல சொன்னப்ப எனக்குத்தான் காது அடைச்சுக்கிச்சோன்னு மறுக்கா கேட்டேன். ஆமாங்கறா. அதுபோக சத்து மருந்துப் புட்டி ஒண்ணு, பொடி ஒண்ணு, கலர்கலரா உருண்டை ஒரு பொட்டலம். ஒம்பது வயசு முயலு எளச்சுப் போச்சுன்னு நாலு இலக்கத்துல பில்லு. எனக்கும் எழுவத்தெட்டு ஆகுது, நானுந்தான் எளச்சுட்டேன். எனக்கு நீ கூரியர்ல அனுப்பி வெச்சது ஒரு மூட்டுவலித் தைலம். பரவால்ல, பொறாமைல பேசறேன்னே வெச்சுக்க.

பேரு வேற ‘ஸ்னோ’. ஈரோட்டு வெயில்ல வளக்கற முயலுக்கு ஐஸுக்கட்டி பேரு! நா சினோன்னே கூப்புடறேன், அதுக்கு ஆச்சேபணை இருக்காது.

அந்த டிமோத்திப் புல்லுப் பத்தி நீதான செல்லுல படிச்சுக் காட்டுன. 1700கள்ல டிமோத்தி ஹான்சன்னு ஒரு அமெரிக்கக் குடியானவன் ஊரூராப் பரப்பிவிட, அவன்ற பேரே அதுக்கு ஒட்டிக்கிச்சாமா. நல்ல புல்லுதான், நா கொறை சொல்லலை. நாரு எச்சா இருக்கும், சுண்ணாம்புச் சத்து கம்மியா இருக்கும், முயலுக்கு ஏத்தது. ஆனா இங்க காங்கேயத்துக் கொரங்காட்டுல, கிளுவை வேலிக்குள்ள, கொழுக்கட்டைப்புல்லு மொழங்கால் ஒசரத்துக்கு நிக்குது. அதைத் தின்னுதான் காளைக வளந்துச்சு. அதைப் பரப்பிவிட்ட புண்ணியவான் பேரு நமக்குத் தெரியலை. தெரிஞ்சிருந்தா, ‘முத்துச்சாமிப் புல்லு’ன்னு பளபளன்னு கவர்ல போட்டு உனக்கே வித்திருப்பாங்க. நீயும் வாங்கியிருப்ப.

புல்லு காய வெக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. கதிரு தலைகாட்டற சமயத்துல அறுக்கோணும். முத்தவுட்டா வெறுங்குச்சி. நெழல்ல பரப்பி, நாளுக்கு ரெண்டு தடவை பொரட்டிவுட்டு, பச்சை மாறாமக் காய வெக்கோணும். ஒரு புடி அள்ளி ரெண்டு கையிலயும் தேச்சுப் பாரு. சலசலன்னு சத்தம் வரோணும், வாசம் வரோணும். வெள்ளையாத் தூசி பறந்தாலோ, மக்குன வாடை வந்தாலோ மாட்டுக்குக்கூட ஆகாது, குப்பைக்குழிக்குத்தான். இன்னொண்ணு. போன தடவை வந்தப்ப வைக்கப்போர்ல இருந்து ஒரு கத்தை உருவி ‘அப்புச்சி, இது ஆகாதா?’ன்னியே, ஆகாது. வைக்கோலுங்கறது நெல்லு சத்தையெல்லாம் எடுத்துட்டு மிச்சம் வெச்ச தட்டு. மெத்தைக்கு ஆகும், சோத்துக்கு ஆகாது.

கெழட்டு முயலுக்கு நீட்டு நீட்டாப் போட்டா மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். கத்தரியால விரல்நீளத்துக்கு நறுக்கு, லேசாத் தண்ணி தெளி. இல்லைன்னா பச்சையாவே குடு. புள்ளையார் கோயிலுக்கு முன்னால அருகம்புல்லுக் கட்டு விக்கறாங்களே, நல்லா அலசிப்போட்டு பாதியைச் சினோவுக்குப் போடு, பாதியைச் சாமிக்குப் போடு. எலிமேல ஏறிப் போறவரு, ஒரு முயலு பங்கு கேட்டா கோவிச்சுக்க மாட்டாரு. உங்க அப்பார்ட்மெண்டுத் தோட்டத்துப் புல்லு மட்டும் வேண்டவே வேண்டா. வாட்ச்மேன் களைக்கொல்லி அடிக்கறதை நானே கண்ணால பாத்தேன். மெசின்ல வெட்டிக் குமிச்சு வெச்ச புல்லும் ஆகாது. குமியல்ல கையை வுட்டுப் பாரு, சுடும். அது உள்ளுக்குள்ளயே புளிக்க ஆரம்பிச்சுட்டுதுன்னு அர்த்தம்.

இத்தனையும் அப்பறம். மொதல்ல ஒண்ணு சொல்லு, அது ஏன் எளச்சுது? கடைக்காரன் கேட்டானா? கேக்க மாட்டான், கேட்டா யாவாரம் போயிரும்.

முயலுக்கு இருவத்தெட்டு பல்லு. அத்தனையும் சாகற வரைக்கும் வளந்துக்கிட்டே இருக்கும். முன்னம்பல்லை மெல்லவே வுடாம வெச்சா வருசத்துக்கு நாலஞ்சு அங்குலம் நீளும். புல்லை அரைச்சு அரைச்சுத்தான் அது தேயோணும். வயசானா கடவாப்பல்லு கோணலாத் தேஞ்சு, ஓரத்துல முள்ளாட்டம் மொளைச்சு, நாக்கையும் கன்னத்தையும் குத்தும். அப்பத் தட்டை வெச்சா ஆசையா ஓடி வரும், ஒரு வாய் வெக்கும், வுட்டுட்டுப் போயிரும். தாவாக்கட்டை சொள்ளு ஒழுகி நனைஞ்சே கெடக்கும். நீ என்னடான்னா ‘எங்க சினோவுக்கு இந்த பிராண்டு புடிக்கலை’ன்னு அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கற. தான் புடிச்ச முயலுக்கு மூணு காலுங்கறது எங்க காலம். உன்ற முயலுக்கு நாலு காலுந்தான், பல்லுலதான் கோளாறு. கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. பக்கத்துல முயலுப் பல்லைப் பாக்கத் தெரிஞ்ச டாக்டரு இல்லைன்னா நாமக்கல்லுல 1985ல இருந்து கால்நடைக் காலேஜு இருக்குது, அங்க ஆஸ்பத்திரியும் இருக்குது. பஸ்ஸுச் செலவு சேத்தாலும் உன்ற கப்பல் புல்லு பில்லுகிட்ட வராது.

பல்லு சரின்னா அடுத்தது மூட்டு. இதை நா வெவரமாச் சொல்றேன், ஏன்னா இது எனக்கும் இருக்குது.

மூட்டு புடிச்சுக்கிச்சுன்னா முயலு குனிய முடியாம சத்தை வுட்டுரும். எப்படின்னு சொல்றேன், நீ மூஞ்சியைச் சுளிக்காமக் கேக்கோணும். முயலு ரெண்டு தினுசாப் புழுக்கை போடும். ஒண்ணு காஞ்ச உருண்டை, அதைத்தான் நீ கூட்டிப் பெருக்கற. இன்னொண்ணு மெதுவா, ஈரமா, கொத்தா, பளபளன்னு வரும். பெரும்பாலும் ராத்திரியில, வெடியால நேரத்துல. அதைக் கீழ வுழுகவே வுடாது. குனிஞ்சு நேரா வாயிலயே வாங்கி முழுங்கிரும். அசிங்கம்ங்காத. தின்ன புல்லு பெருங்கொடல் முக்குல இருக்கற பையில நொதிச்சு, அதுல இருக்கற நல்ல கிருமியெல்லாம் சேந்து ஆக்குன சமையலு அது. பி வைட்டமினு, கே வைட்டமினு, புரதம் எல்லாம் அதுலதான் இருக்குது. மொதல் பந்தியில வுட்டதை ரெண்டாம் பந்தியில புடிச்சுக்கும். சி வைட்டமினை அது ஒடம்பே ஆக்கிக்கும். இப்பச் சொல்லு, அந்தச் சத்து மருந்துப் புட்டி எதுக்கு? தண்ணியில சொட்டுவுட்டா ருசி மாறி, குடிக்கற தண்ணியையும் குடிக்காம நிறுத்திப்போடும்.

முதுகு வளையாத முயலு என்ன பண்ணும்? அந்தக் கொத்து கீழ வுழுந்து நசுங்கும், இல்லைன்னா பின்னால மசுருல அப்பிக்கும். சத்தும் போச்சு, ஈயும் வந்துச்சு. நம்மூரு வெக்கையில ஈ முட்டை வெச்சு ஒரே நாள்ல புழுவாயிரும், அப்பறம் முயலு மிஞ்சாது. அதனால தெனம் வெடியால சோம்பப்படாமத் தூக்கிப் பாரு. அப்பியிருந்தா வெதுவெதுன்னு தண்ணியில துணியை நனைச்சுத் தொடை, ஈரம் போக ஒத்தி எடு. நசுங்காமக் கெடந்த கொத்தை ஒரு தட்டுல எடுத்து மூக்குக்கு முன்னால வையி. பல முயலு சமத்தாத் தின்னுபோடும். காசே இல்லாத டானிக்கு! டைல்ஸு மேல கால் வழுக்கற முயலு எந்திரிக்கவே ரோசிக்கும், பழைய ஜமுக்காளம் ஒண்ணு விரி. வலிக்கு மருந்து டாக்டரு குடுப்பாரு. எனக்கு அனுப்புன தைலத்தை அதுக்குத் தடவிப்போடாத, நக்கிரும்.

இனி சதை போடறதுக்கு. குதிரை மசால் கால்நடைக்காரங்ககிட்டக் கெடைக்கும். அதைக் காய வெச்சதைத்தான் உங்க கடையில ‘அல்ஃபால்ஃபா’ன்னு விக்கறான். முயல் மசாலும் அந்த வகைதான். நம்ம கடலைக்கொடியும் அதே சாதி, பூஞ்சை புடிக்காததாப் பாத்து, காயி ஒட்டியிருந்தா கிள்ளிப்போட்டுப் போடோணும். புரதம் எச்சா இருக்கறதால எளச்ச முயலுக்கு ஆகும். சுண்ணாம்பும் எச்சு. முயலு அந்த மிச்சச் சுண்ணாம்பை மூத்திரத்துலதான் தள்ளும். மூத்திரம் சுண்ணாம்புப் பாலாட்டம் கெட்டியா வந்துதுன்னா உடனே நிறுத்து. சிறுநீரகம் எப்படி இருக்குதுன்னு டாக்டருகிட்டக் கேட்டுப்போட்டே ஆரம்பி. முருங்கை, அகத்தியும் இந்தக் கணக்குதான், ஒரு கொத்து போதும்.

முயல் தீவனக் குச்சியை வெதுவெதுன்னு தண்ணியில ஊற வெச்சா களியாட்டம் ஆயிரும், பல்லு இல்லாததும் நக்கித் தின்னும். அரசாணிக்காயை உப்பு எண்ணெய் இல்லாம வேக வெச்சு மசிச்சு ஒரு கரண்டி அதுல கலந்துக்க. நீ காத்தால திங்கற ஓட்ஸுல ஒரு சிட்டிகை மேல தூவு. அதுக்கு மேல வேண்டா, மாவுச்சத்து எச்சாப் போனா வயித்துல இருக்கற நல்ல கிருமியெல்லாம் கெட்டுரும். மருந்து குடுக்கோணும்னா வாழைப்பழத்துல ஒரு சின்ன வில்லை, அதுக்குள்ள ஒளிச்சு வையி. கேரட்டு, சினிமாவுல வேணா முயலு நாளெல்லாம் கடிக்கட்டும், நெசத்துல அது மிட்டாய். கேரட்டுத் தழைதான் சாப்பாடு. எதைப் புதுசாக் குடுத்தாலும் ஒரு வாரம் பத்து நாளு, கொஞ்சங் கொஞ்சமாச் சேத்து.

தழைக்கு சம்பத் நகர் உழவர் சந்தைக்குப் போ. 1999ல மதுரையில ஆரம்பிச்ச சந்தை, ஈரோட்டுலயும் இருக்குது, நீதான் அந்தப் பக்கம் போனதே இல்ல. கடை கட்டற நேரத்துக்குப் போனா முள்ளங்கித் தழை, கேரட்டுத் தழை, மல்லித் தண்டெல்லாம் சும்மாவே குடுப்பாங்க. ‘முயலுக்கு’ன்னு சொல்லிக் கேளு. காருல எறங்கி, கூலிங்கிளாஸு போட்டுக்கிட்டுக் கேட்டா அதுக்கும் வெலை சொல்லிருவாங்க. வந்ததும் ரெண்டு தண்ணியில அலசு, மருந்தடிச்சிருப்பாங்க.

ஆகாததைச் சுருக்காச் சொல்லிப்போடறேன். வெங்காயம், பூண்டு, ரொட்டி, பிஸ்கட்டு, சோறு, பாலு, தயிரு வேண்டா. எனக்கு வயித்து வலின்னா மோரு குடிப்பேன், அதுக்கு ஆகாது. சவுண்டல் தழை ஆட்டுக்கு ஆகும், முயலுக்கு மசுரு கொட்டும். பிஞ்சுச் சோளப்பயிரு மாட்டையே சாய்க்கும். கோழித்தீவனத்துல ரத்தக்கழிச்சலுக்கு மருந்து கலந்திருப்பாங்க, அதுல சிலது முயலுக்கு நஞ்சு.

தண்ணிக்குத் தொங்கவுட்ட புட்டி வேண்டா. கழுத்தை நிமித்தி ஒவ்வொரு சொட்டா உறிஞ்சற வயசா அதுக்கு? அகலமா, கவுராத மண்சட்டி ஒண்ணு வையி.

சமையக்கட்டுத் தராசுல வாராவாரம் எடை போட்டு எழுதி வையி. முயலுக்கு மசுரு மூடியிருக்கறதால கண்ணுக்குத் தெரியாது. முதுகைத் தடவு, முள்ளு கையில தட்டுதான்னு பாரு. 2 கிலோ முயலு 100 கிராம் கொறஞ்சா, 60 கிலோ ஆளு 3 கிலோ கொறஞ்சதுக்குச் சமம். நீ அரைக்கிலோ கொறஞ்சாலே ஊருக்கெல்லாம் போட்டோ அனுப்பற.

இது மட்டும் கிண்டல் இல்ல, கேட்டுக்க. ஒரு பன்னெண்டு மணி நேரம் எதுவுமே திங்கலை, புழுக்கையும் போடலைன்னா எனக்குப் போன் பண்ணாத, டாக்டருக்குப் பண்ணு. முயலுக்கு வாந்தி எடுக்க வராது, கொடலு நின்னுபோச்சுன்னா வேகமா முத்திரும். வயிறு உப்பிக் கெடக்கறப்ப நீயா ஊசியில்லாத சிரிஞ்சுல கூழைப் புகட்டாத. அவரு புகட்டச் சொன்னா வாயோரமா, தலையை அண்ணாத்தாம, கொஞ்சங் கொஞ்சமா, அது முழுங்க முழுங்கக் குடு. அவசரப்பட்டா மூச்சுக்கொழலுக்குள்ள போயிரும்.

கப்பல் புல்லு வாங்குனது வாங்குனதுதான், தூக்கிப் போட வேண்டா, நம்மூருப் புல்லோட கலந்து தீத்துப்போடு. ஞாயித்துக்கெழமை வா, புல்லறுத்துக் காய வெச்சிருக்கேன். சாக்கு நீயே கொண்டா. போன நோம்பிக்கு மாங்கா போட்டு எடுத்துட்டுப் போன சாக்கு ரெண்டு இன்னும் திரும்பி வரலை, உங்க அம்மாயி தெனம் கேக்கறா.