மலை ஒண்ணும் பண்ணல மாப்ள

அண்ணாமலையாரு ஊரை விட்டே கெளம்பறியாமே மாப்ள? எந்தங்கச்சி வந்து மூக்கைச் சிந்திட்டுப் போனா. "இந்த ஊர்ல இருந்தா எம்புள்ளைக்கு விசுவாசம் தேறாதாம்ணா. மாசாமாசம் பௌர்ணமி, கார்த்திகைக்குத் தீபம், எந்நேரமும் மைக்செட்டு, பஸ்ஸைத் திருப்பி உட்டுடறாங்க, ஜெபத்துல மனசு நிக்கலியாம். பெங்களூரு போயி அமைதியா ஆண்டவரத் தேடப் போறானாம்"னு அழுவறா. பெங்களூர்ல! அமைதியா! சில்க் போர்டு சிக்னல்ல நின்னுக்கினு சங்கீதம் 150-ஐயும் படிச்சு முடிச்சுடலாம்டா, அத வேணா ஒத்துக்கறேன்.

நானும் இந்த ஊர்லதான் கெடக்கறேன். சபைக்கும் தவறல, கொல்லையில வெளஞ்ச மல்லாட்டைய அவிச்சு கிரிவலப் பாதையில விக்கறதையும் உடல. போன பௌர்ணமிக்கு ஆந்திராக்கார அம்மா ஒண்ணு எங்கூடைக்குப் பக்கத்துல வந்து ஒக்காந்துச்சு. குதிகால் ரெண்டும் பாளம் பாளமா வெடிச்சிருக்கு, கால்ல செருப்பில்ல. 14 கிலோமீட்டர்ல பாதிகூட தாண்டல. ஃபோன் அடிச்சுது. தெலுங்குல ரெண்டே வார்த்தை சொல்லிச்சு, அணைச்சுச்சு, சுருக்குப்பையில போட்டு இறுக்கி முடிஞ்சுச்சு. மல்லாட்டைக்குக் காசு குடுக்கக்கூட அந்தப் பைய அவுக்கல. முந்தானையில தனியா சில்லறை முடிஞ்சு வச்சிருந்துச்சு. அவங்க சாமி வேற, நம்ம சாமி வேற, அதுல எனக்குக் கொழப்பமில்ல. ஆனா அந்த ராத்திரிக்கு எது முதல்லன்னு அந்தம்மாவுக்குக் கொழப்பமே இல்லடா. நீ போன ஞாயித்துக்கெழம பைபிள் ஆப்பைத் தொறக்கறேன்னு சபை ஐயர் பிரசங்கம் பூரா கிரிக்கெட் ஸ்கோரு பாத்துக்கினு இருந்த. பின் பெஞ்சுல நாந்தான் இருந்தேன். சென்னை தோத்துது, அது வேற விஷயம்.

மலை தொந்தரவு பண்ணுதுன்னு சொல்றியே, இதே மலைக்கு நம்ம வேதக்காரரு ஒருத்தரு தேடி வந்த கதை தெரியுமா? ஹென்றி லெ சோ, பிரான்ஸ் தேசத்து பெனடிக்டின் சாமியார். அபிஷிக்தானந்தர்னு பின்னால பேரு வச்சுக்கினாரு. 1949 ஜனவரியில மோன்ஷனேன் சாமியாரோட இங்க ஆசிரமத்துல இருந்த ரமணரப் பாக்க வந்தாரு. வந்ததும் ஏமாத்தம். இன்னாவோ பெருசா எதிர்பாத்தா, சாதுவா ஒரு தாத்தா ஒக்காந்திருக்காரு. கூடவே காய்ச்சலும் வந்துடுச்சு. ஆசிரமத்துல ஏதல் மெர்ஸ்டன்னு ஒரு இங்கிலீஷ்காரம்மா இருந்துச்சு. நீங்க மூட்டையை ரொம்பத் தூக்கிக்கினு வந்துட்டீங்க, அதான் உங்களுக்கு ஒண்ணும் எறங்கலன்னு மொகத்துக்கு நேரா சொல்லிடுச்சு. பெட்டி படுக்கையைச் சொல்லல மாப்ள. மண்டைக்குள்ள இருந்த மூட்டையைச் சொல்லிச்சு.

கோச்சுக்கினு கப்பலேறிடலியே மனுஷன். மறு வருஷமே குளித்தலைக்குப் பக்கத்துல தண்ணீர்ப்பள்ளியில, காவேரிக்கரையில, ரெண்டு சாமியாரும் சாந்திவனம் ஆசிரமத்தை ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறமும் லெ சோ 1952-லேர்ந்து திரும்பத் திரும்ப இங்க வந்து மலைக்குகையில தங்கினாரு. 1973-ல இந்தூர்ல கண்ண மூடற வரைக்கும் பாதிரியாராத்தான் இருந்தாரு. வேதாந்தத்துல ரொம்ப தூரம் போயிட்டாருன்னு சொல்றவங்க உண்டு, நானும் அவ்ளோ தூரம் கூடப் போறவனில்ல. ஆனா ஜெபம் கெடுதுன்னு அந்தாளு மலைமேல புகார் எழுதல பாரு.

உன் மூட்டைய நான் பிரிச்சுக் காட்டட்டுமா? உங்கூட்டு நடையில காலண்டர் தொங்குது, மத்தேயு 6:33, 'முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்'னு கொட்டை எழுத்துல. அதே ஆணியில பைக் டியூ ரசீது, அதும்மேல சீட்டுக்காரன் அட்டை. வசனத்தைப் படிக்கணும்னா ரெண்டையும் தூக்கிப் புடிக்கணும். தசமபாகம்னு பேச்செடுத்தா, பிடித்தம் போவ கைக்கு வர்றதுலயா, மொத்த சம்பளத்துலயான்னு ஆடிட்டராட்டம் கேக்கற. சரி, டியூ கட்டித்தான் ஆவணும். கட்டலன்னா வண்டியத் தூக்கிக்கினு போயிடுவான், அப்புறம் சபைக்கு நடந்துதான் வரணும். அதெல்லாம் மேல தெரியற புல்லு.

மல்லாட்டைக் கொல்லையில கோரை மொளைச்சா நீ இன்னா பண்ணுவ? மேலாக்கா கிள்ளிட்டு வந்துடுவ. ஒரு வாரத்துல பழையபடி நிக்கும், கெழங்கு கீழ இருக்கே. களைக்கொட்டைப் போட்டு ஆழமா நோண்டணும். அதையும் விழுது எறங்கறதுக்கு முன்ன, 45 நாளுக்குள்ள முடிச்சுடணும். அப்புறம் கொத்துனா கோரையோட காயும் போயிடும். விதைக்கறவன் உவமையில ஆண்டவரு முள்ளைச் சொல்லி எச்சரிச்சாரு. நம்ம கொல்லைக்கு வந்திருந்தா கோரையச் சொல்லியிருப்பாரு.

உங்கூட்டுக் கெழங்கு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்ன உங்க முப்பாட்டன் காலத்து சேதி ஒண்ணு கேளு. கார்ல் ஓக்ஸ்னு ஒரு மிஷனரி, லைப்சிக் மிஷன்காரரு. சபைக்குள்ள சாதி இருந்துட்டுப் போவட்டும், மெதுமெதுவா சரியாவும்னு மிஷன் பெரியவங்க நெனச்சாங்க. இவுரு ஒத்துக்கல. இருந்த எடத்தை உட்டுட்டு, பண்ருட்டி பக்கம் மேல்பட்டாம்பாக்கத்துல தனியா போயி ஒக்காந்தாரு. அந்த எடத்துக்குப் பெத்தானியான்னு பேரு, மார்த்தாள் வீட்டு ஊரு. 1864-ல டென்மார்க் மிஷன் அவரோட சேந்துக்கிச்சு. அந்த வழியிலதாண்டா நம்ம ஆர்க்காடு லுத்தரன் சபை வந்துச்சு, நீ படிச்ச டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடம் வந்துச்சு. எது முதல்லங்கிற சண்டையில பொறந்த சபை இது.

இப்ப உனக்குப் பொண்ணு தேடி எந்தங்கச்சி வாட்ஸ்அப்ல போட்ட விளம்பரத்தைப் பாத்தேன். மொத வரி, 'கிறிஸ்துவை முதன்மையாகக் கொண்ட, ஜெப வாழ்வுள்ள மணமகள் தேவை.' ரெண்டாவது வரியில நம்ம சாதிப் பேரு. பக்கத்துல 'மட்டும்'. மூணாவது வரியில நெறம். ஆண்டவருக்கு மொத வரியக் குடுத்தீங்க, வாஸ்தவந்தான். முடிவு பண்றது ரெண்டாவது வரி. இதுக்கு அண்ணாமலையாரு இன்னா பண்ணுவாரு, மைக்செட்டுக்காரன் இன்னா பண்ணுவான்? பெங்களூரு போனாலும் இந்த விளம்பரம் அங்கயும் வந்து சேரும், அங்கதான் வைஃபை நல்லா இருக்குமே.

அதனால பெட்டியைக் கட்டறதுக்கு முன்ன ஒரு வேலை பண்ணு. ரெண்டாவது வரிய அழி. எனக்குத் தெரிஞ்சு ஒரு பொண்ணு இருக்கு, செங்கம் ரோட்டுப் பக்கம். நர்ஸு. அவங்கப்பன் பாடகர் குழுவுல அடித்தொண்டை. கீர்த்தனை பாட ஆரம்பிச்சான்னா உன் மைக்செட்டெல்லாம் எட்டூருக்கு அந்தாண்ட ஓடும். தெரு மட்டும் வேற தெரு. சரின்னு சொல்லு, இன்னிக்கு சாயந்திரமே உங்கம்மாகிட்ட நான் பேசறேன். அவ தொடப்பத்தைத் தூக்குனா மட்டும் நீ குறுக்க வந்து நில்லு. எனக்கு மூட்டு வலி, ஓட முடியாது.