வயசுதான் வியாதி

ஊட்டிக்கு வரும் சுற்றுலாக்காரர் யாரும் வலிக்கு மருந்து வாங்காமல் மலை இறங்குவதில்லை. வர்க்கிப் பொட்டலத்தோடு ஒரு பாட்டில் நீலகிரித் தைலமும் பையில் ஏறிவிடும். ஊர் வலிக்கெல்லாம் தைலம் தரும் இந்த மலையில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் இடுப்புக்குக் கிடைப்பதும் அதே பாட்டில்தான்.

அவள் நாளெல்லாம் சரிவில் நிற்கிறாள். பறித்த இலையை முதுகில் சுமக்கிறாள். தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

"இடுப்பு விட்டுப்போகுது சார்."

"வயசாச்சுல்லம்மா?"

அவளுக்கு முப்பத்தெட்டுதான். ஆனாலும் ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு மஞ்சள் மாத்திரை.

தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்துதர வேண்டியது தோட்ட நிர்வாகம் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. சொன்ன இடத்திலேயே அதற்கும் மூட்டு பிடித்துக்கொண்டது போலும்.

2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தார்கள். நல்ல காரியம், இதில் கேலி இல்லை. ஆனால் கூடலூர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. போன இடத்தில் ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டால் வலியும் பொய்யாகிவிடும். மூன்று மாதம் தாண்டிய வலிக்கு உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில் தனி இடமே இருக்கிறது. டிஸ்பென்சரி நோட்டில்தான் இல்லை.

அக்கா, அடுத்த முறை யாராவது "வயசு" என்றால், நோயின் பெயர் என்று அதையே சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.