கடிகாரம் செய்யும் ஊரில் மணி வட்டி

ஓசூரில் கைக்கடிகாரம் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், பைக் செய்கிறார்கள், இப்போது செல்போன் உறுப்பும் செய்கிறார்கள். அதற்கெல்லாம் சிப்காட்டில் நிலம் வேண்டும், மின்சாரம் வேண்டும், மானியம் வேண்டும். ஒரு டூவீலர், ஒரு ரெக்சின் பை, ஒரு கட்டு அட்டை. இவ்வளவே முதலாக இதே ஊரில் இன்னொரு தொழில் கொழிக்கிறது. முதலீட்டாளர் மாநாட்டில் இவர்களுக்கு ஏன் பொன்னாடை போர்த்தவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கணக்கைப் பாருங்கள். பூ விற்கும் அக்கா பத்தாயிரம் கேட்கிறார். கைக்கு வருவது 8,500. மீதி ‘டாக்குமெண்ட் செலவு’. டாக்குமெண்ட் என்பது அந்த அட்டைதான். தினம் 100 ரூபாய், 100 நாள். “நூத்துக்குப் பதினஞ்சுதானேக்கா” என்கிறான் தண்டல்காரத் தம்பி. முதல் நாளிலிருந்தே அசல் கரைகிறதே, அதையும் சேர்த்துப் போட்டால் ஆண்டுக்கு 120 விழுக்காடு. மழையில் பூ அழுகினால் அட்டையில் அன்றைய கட்டம் காலி. காலிக் கட்டமும் குட்டி போடும்.

கந்து என்றால் பழந்தமிழில் யானை கட்டும் தறி. கந்துவட்டியின் கந்து அதுதானா என்பதைப் புலவர்கள் அடித்துக்கொள்ளட்டும். இங்கே கட்டுண்டு கிடப்பது யானை இல்லை.

சட்டம் இல்லாமலா? சினிமாத் தயாரிப்பாளர் ஜி.வெங்கடேஸ்வரன் 2003-ல் கடன் நெருக்கடியில் தற்கொலை செய்துகொண்ட பிறகு, அந்த ஆண்டே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. தின வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றுக்கும் அகராதி போல விளக்கம் எழுதினார்கள். 3 ஆண்டு சிறை, 30,000 ரூபாய் அபராதம். பெரிய வட்டிக்காரருக்கு அது ஒரு தெருவின் வசூல். ஸ்டேஷனுக்குப் போனால் அகராதி மூடிக்கொள்ளும்: “இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போ.”

2017 அக்டோபர் 23. கந்துவட்டிக் கொடுமை பற்றி மனு மேல் மனு கொடுத்து அலுத்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்தில் எரிந்துபோனார். அரசு பாடம் கற்றது. என்ன பாடம்? திங்கள்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று, வருகிறவர் பையில் மண்ணெண்ணெய் கேன் இருக்கிறதா என்று போலீஸ் துழாவுகிறது. வட்டிக்காரன் பையை எந்த வாசலிலும் யாரும் துழாவுவதில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகம் 2025 பிப்ரவரியில் மிரட்டி வசூலிப்பவர்களுக்கு 10 ஆண்டு சிறை, 5 லட்சம் அபராதம் என்று அவசரச் சட்டம் போட்டது. அதே ஆண்டு நம் சட்டசபையும் ஒன்று நிறைவேற்றியது. ஜுஜுவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே மாநிலம்தான் மாறுகிறது, வசூல் மாறவில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் திட்டத் தெரிந்தவன் தண்டல்காரன். மும்மொழிக் கொள்கையை ஆரவாரமில்லாமல் நிறைவேற்றியவன் அவன் ஒருவனே.

போன மாதம் சம்பள நாளில் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு ஏடிஎம் வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் கையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கத்தை கார்டு. ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவில் நாலு எண். ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிப் பணம் எடுத்தார். அருகில் கான்ட்ராக்ட் கம்பெனிச் சட்டை போட்ட பையன், பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல் கைகட்டி நின்றான்.

“அண்ணே, என் கார்டுல ஐநூறு மட்டும் விட்டுவைங்கண்ணே.”

“விட்டா பேங்க்காரன் மினிமம் பேலன்ஸுன்னு புடிச்சுக்குவான்டா, தம்பி. அவனுங்க அநியாய வட்டிக்காரனுங்க.”

பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது.