ரோல் வள்ளல்

"தம்பி, ஏரியை உனக்குக் கொடுத்துட்டேன்" என்பார் நம் மைன்கிராஃப்ட் டீம் லீடர். பழவேற்காடு ஏரி அவர் தாத்தா எழுதிவைத்த சொத்து. வாங்கிக்கொண்டவருக்கு வேலை ஒன்றும் இல்லை. ரோல் கிடைத்து, டிஸ்கார்டில் தன் பெயர் நீல நிறமாக மாறியிருப்பதைப் பார்த்துப் பூரித்தால் போதும்.

2020 மார்ச்சில், ஊரடங்கு சமயத்தில், 'பில்ட் தி எர்த்' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. மைன்கிராஃப்டில் ஒரு மீட்டருக்கு ஒரு பிளாக் கணக்கில் பூமியையே கட்டுவது என்று. அவர்கள் வீடியோவைப் பார்த்த எல்லா ஊரிலும் ஒருவர் எழுந்து நின்றிருப்பார். தமிழ்நாடு-ஆந்திரா எல்லையில் இருக்கும் தடாவில் எழுந்தவர் நம் லீடர். "பூமியையே கட்டுறாங்க, தடாவைக் கட்ட முடியாதா?" நியாயமான கேள்விதான். ஒரு நெடுஞ்சாலை, ஒரு ரயில் நிலையம், கிழக்கே ஏரி, மேற்கே ஸ்ரீசிட்டி. அன்று ராத்திரியே ஆளுக்கொரு பலகை எடுத்துப் போட்டிருந்தால் பிளாட்பாரமாவது முடிந்திருக்கும்.

ஆனால் முதலில் ரோல் கொடுக்க வேண்டுமே! லீட் பில்டர், சீனியர் லீட் பில்டர், சாலைப் பிரிவு, அதற்குத் துணைப் பிரிவு. பாரி தேரைக் கொடுத்துவிட்டு நடந்து போனான். நம் வள்ளலுக்கு அந்தச் செலவும் கிடையாது. "அண்ணே, வேர்ல்டு ஃபைல் எங்க இருக்கு?" என்று ஒருவன் கேட்டான். கேட்ட பாவத்துக்கு அவன் டெக்னிக்கல் ஹெட். "அன்னா, எப்போ ஆரம்பிக்கிறோம்?" என்ற சூலூர்பேட்டைப் பையன் திட்டமிடல் தலைவர். ஒரு மாதம் தலைகாட்டாதவர் கௌரவ ஆலோசகர். குளிர்காலத்தில் பூநாரை வருமே என்று யாரோ சொல்லிவைக்க, பூநாரைப் பொறுப்பாளர் ஒருவர் முளைத்தார். மைன்கிராஃப்டில் கோழி உண்டு, கிளி உண்டு, பூநாரை கிடையாது. அதனாலென்ன, பொறுப்பாளர் பெயர் இளஞ்சிவப்பில் ஜொலிக்கிறது.

எல்லையில் தகராறு வந்தது. ஆரம்பாக்கம் முடிந்து தடா எங்கே தொடங்குகிறது என்று இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். ஒருவருக்குத் தமிழ்நாடு பக்கம், இன்னொருவருக்கு ஆந்திரா பக்கம் என்று பிரித்துக் கொடுத்துப் பஞ்சாயத்தை முடித்தார். இரண்டு பேரும் ரோஷத்தில் சாலை போட்டார்கள். எல்லைக்கு வந்து பார்த்தால் இரண்டு சாலையும் ஒன்றையொன்று பார்க்காமல் போய்க்கொண்டிருக்கின்றன.

2022 ஏப்ரலில் தடா நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. நிலத்தில் ஒரு கல் நகரவில்லை, மேப்பிலும் நகரவில்லை. ரோல்கள் மட்டும் மொத்தமாக ரத்தாகிப் புதிதாக வழங்கப்பட்டன.

அருவி கதையும் உண்டு. சென்னைக்காரர்கள் 'தடா அருவி' என்று தேடிவரும் உப்பலமடுகு, வரதய்யபாளையம் தாண்டி மலைக்குள் இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் பிளாக் என்று சொல்லிப் பார்த்தோம். "பேர்ல தடா இருக்குல்ல?" என்றார். அதற்கும் ஆள் போட்டாயிற்று.

கவுண்டர் ஸ்ட்ரைக்கின் 'டஸ்ட்' மேப் ஞாபகம் இருக்கிறதா? பிரவுசிங் சென்டரில் ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளிய அந்த மணல் ஊர்? 1999இல் வந்தது. டேவ் ஜான்ஸ்டன் என்ற விடலைப் பையன் கட்டினான். சுவர்களுக்கு மேல்பூச்சுப் படங்களைச் செய்து கொடுத்தவர் கிறிஸ் ஆஷ்டன். யாருக்கு என்ன நிறம் என்று அவர்கள் கூட்டம் போட்டதாகத் தெரியவில்லை.

நம் லீடரைத் திட்டவும் மனசு வரமாட்டேன் என்கிறது. சர்வர் வாடகை மாதாமாதம் இவர் பாக்கெட்டிலிருந்துதான் போகிறது. வாய்ஸ் சேனலில் பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் தெலுங்கிலும் கத்துவதை, இரண்டு பக்கமும் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வதும் இவர்தான். பக்கத்துத் தெருவில் இருந்தும் பேசிக்கொள்ளாத பையன்கள் இவரால்தான் சேர்ந்தார்கள்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், வாய்ஸ் சேனலில் வாயே திறக்காதவன், அண்ணனின் பழைய லேப்டாப்பில் உட்கார்ந்து ரயில் நிலையத்தைக் கட்டிவிட்டான். பிளாட்பாரம், பெஞ்சு, மூன்று மொழிப் பெயர்ப்பலகை, எல்லாம். அந்த மேப்பில் உருப்படியாக நிற்பது அது ஒன்றுதான். ரோல் இல்லாதவன் எப்படிக் கட்டினான் என்று விசாரணை நடந்து, அவன் அனுமதி பறிபோனது. இது தமாஷ் இல்லை, அநியாயம். நேரிலேயே கேட்டேன்.

"நல்ல பையன்தான்ப்பா. ஆனா ஸ்டேஷன் பிரிவுக்கு ஏற்கெனவே மூணு தலைவர் இருக்காங்களே" என்றார்.